சுவிட்சர்லாந்து இருந்த இடம்

புத்தகத்தை அறுத்துப் படிக்கிற வழக்கம் எங்கள் சங்கத்தைத் தவிர வேறெங்காவது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் இன்றைக்கும் சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். புத்தகத்தைப் போய் யாராவது கூறு போடுவார்களா என்று கேட்கிறார்கள். யுத்த காலத்தில் மயிலாப்பூரில் இருந்து பார்த்திருந்தால் கேட்கமாட்டார்கள்.

சீமையில் அச்சான புத்தகம் கப்பலேறி மௌண்ட் ரோடு கடைக்கு வந்து சேர மாசக்கணக்கில் ஆகும். வந்தால் ஒரே ஒரு பிரதி வரும். நாங்கள் கேட்டனுப்பிய புத்தகங்கள் நாவல்களும் இல்லை, பரீட்சைப் புத்தகங்களும் இல்லை. எந்தெந்த தேசத்தில் ஜனங்கள் எப்படித் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்கிறார்கள், எங்கே பார்லிமெண்டு நின்றது, எங்கே கவிழ்ந்தது, ஏன் கவிழ்ந்தது என்று பேராசிரியர்கள் பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்போடு எழுதிய தடிப் புத்தகங்கள். சுயராஜ்யம் இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும், வந்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நாலு பேராவது படித்து வைத்திருக்கவேண்டாமா என்பது சங்கத்தாரின் கவலை. அதில் ஒரு வேடிக்கை உண்டு. கப்பல் இங்கே வருவதற்குள் பாதி தேசங்களில் ஆட்சியே மாறியிருக்கும். பிரெஞ்சுக் குடியரசின் மேல்சபையைப் பற்றி அத்தனை நுணுக்கமாகப் படித்து, வாதாடி, சண்டையும் போட்டுக்கொண்டோம். அந்தக் குடியரசே அப்போது உயிரோடு இல்லை.

ஒரு பிரதியை இருபது வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் படித்தால் கடைசி ஆளிடம் வருவதற்குள் சுயராஜ்யம் வந்து பழசாகிவிடும் என்பான் என் அண்ணா. அவன்தான் சங்கத்தின் காரியதரிசி. ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியராக இருந்தான். அவன் யோசனைதான் இந்த அறுக்கிற யோசனை. புதுப் புத்தகம் வந்ததும் நேரே கச்சேரி ரோட்டுப் பைண்டரிடம் போகும். அவர் முதுகை உரித்து, தையலைக் கத்தரித்து, தேசம் தேசமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாகத் தைத்துப் பழுப்புக் காகித உறை போட்டுக் கொடுப்பார். அதற்குக் கத்தை என்று பெயர். ஒரு கத்தை ஒரு வீட்டில் ஒரு வாரம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது அடுத்த வீட்டுக்குப் போயாகவேண்டும். எல்லாரும் படித்தான பிறகு கத்தைகள் பைண்டரிடமே திரும்பும். அவர் மறுபடி ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, காலிகோத் துணி ஒட்டி, பழையபடி புத்தகமாக்கித் தருவார்.

யாருக்கு எந்தக் கத்தை முதலில் என்று கேள்வி வந்தது. ஜனநாயகம் படிக்கிறவர்கள் பெரியவர் சின்னவர் பார்க்கலாமா? சீட்டுக் குலுக்கினார்கள். அதன் பலன், சங்கத்தில் ஒருவர்கூட ஒரு புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து படித்ததில்லை. ஒருவருக்கு முடிவுரை முதலில் வரும், இன்னொருவருக்கு நடுவிலே கனடா. தனக்கு முதலில் வந்த தேசத்துக்கு ஒவ்வொருவரும் வக்காலத்து வாங்குவார்கள். அண்ணாவுக்கு ஒரு தடவை ஆஸ்திரேலியா விழுந்தது. அங்கே ஓட்டுப் போடாதவனுக்கு அபராதம் என்று படித்துவிட்டு, ஒரு மாசம் வீட்டில் எதற்கெடுத்தாலும் அபராதம் அபராதம் என்று பிராணனை வாங்கினான்.

சங்கம் கூடுவது தி. நகரில், ஒரு வக்கீல் வீட்டு மாடி அறையில். சனிக்கிழமை சாயங்காலங்களில். நான் அந்த அறையைப் பார்த்ததில்லை. பெண்கள் படிக்கலாம், கூட்டத்துக்கு வரக்கூடாது. எங்களுக்கு வீட்டு அங்கத்தினர் என்று மரியாதையாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். வீட்டு அங்கத்தினர் மொத்தம் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று பைண்டருடைய பெண்.

அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தாயிற்று.

கடற்கரையோரப் பெண்கள் கல்லூரியில் நாங்கள் ஒரே பெஞ்சு. கச்சேரி ரோட்டிலிருந்து படுதா கட்டிய ஜட்காவில் வருவாள். கல்லூரி வாசலைத் தாண்டியதும் புர்காவை மடித்துப் பையில் திணித்துவிட்டு, ஜட்காக்காரர் திரும்புவதற்குள் சிரிக்க ஆரம்பித்துவிடுவாள். எதற்கென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் கையில் எப்போதும் பைண்டிங் பசை வாசனை. பூச்சி வராமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். பூவும் சந்தனமும் மணக்கிற தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தத் துத்த வாசனை பிடித்துப்போயிற்று. இன்றைக்கும் எந்தப் பைண்டிங் கடை வாசலைத் தாண்டினாலும் நடை தானாக நிற்கிறது. கூட வருகிறவர்கள் என்ன வாங்கவேண்டும் என்று கேட்கிறார்கள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் கூடத்தோடு சரி. அம்மா அவளுக்கென்று ஒரு பீங்கான் கோப்பை வைத்திருந்தாள். பாசமாகத்தான் காபி கொடுப்பாள், கூட இரண்டு முறுக்கும் வைப்பாள், ஆனால் கோப்பை கொல்லைப்புற மாடத்தில் தனியாக இருக்கும். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் பார்த்துவிட்டு, "உங்க வூட்டு மேல்சபைடி அது. தனியாத்தான் கூடும், அதிகாரம் ஒண்ணும் கெடையாது," என்றாள். அன்றைக்குத்தான் கனடாவின் மேல்சபையைப் பற்றிய கத்தையை முடித்திருந்தாள். அம்மா முன்னால் சிரிக்கமுடியாமல் நான் கொல்லைப்பக்கம் ஓடினேன்.

கத்தை சுற்றில் என் வீட்டுக்கு அடுத்தது அவள் வீடு. அண்ணா செய்த உபகாரம் அது. ஞாயிறு சாயங்காலம் சாந்தோம் கடற்கரையில் வைத்து அவளிடம் கொடுப்பேன். அண்ணா துணைக்கு வந்து, தள்ளி ஒரு கட்டுமரத்தில் உட்கார்ந்து, எங்களைத் தெரியாதவன்போலப் பேப்பர் படிப்பான். வலை காயும் மணலில் நாங்கள் இருவரும் உட்கார்ந்தால், அவள் அந்த இடத்திலேயே உறையைப் பிரித்துப் படிக்கத் தொடங்கிவிடுவாள். "இதுக்கு என்ன சொல்றே, அதுக்கு என்ன சொல்றே" என்று என்னைப் பிடுங்கி எடுப்பாள். யாரும் எங்களை எதையும் கேட்காத காலம் அது. அவள் ஒருத்திதான் கேட்டாள். அதனால்தானோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமைக்காகத் திங்கட்கிழமையிலிருந்தே காத்திருந்தேன்.

படிப்பு முடிந்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்கு டில்லியில் சர்க்கார் கணக்கு இலாகாவில் உத்தியோகம். அங்கே வீடு கிடைக்கிறவரை அவள் கச்சேரி ரோட்டிலேயே இருந்தாள். வீடு கிடைக்கவேண்டாமே என்று நான் சுவாமி அறையில் வேண்டிக்கொண்டது சுவாமிக்கு மட்டும் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பெரிய புத்தகம் வந்தது. பத்துப் பன்னிரண்டு தேசத்து ஜனநாயகங்களை வரிசையாக ஆராய்ந்த புத்தகம். யுத்தத்தில் கேட்டனுப்பியது, யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து வந்தது. சுவிட்சர்லாந்துக் கத்தை எங்கள் இருவர் பங்குக்கு வரும்போது நாற்பத்தேழாம் வருஷத்துக் கோடை. உலகத்திலேயே கலப்படம் இல்லாத ஜனநாயகம் அதுதான் என்று ஆசிரியர் புகழ்ந்திருந்தார். அந்த மலைநாட்டின் சில பகுதிகளில் சட்டசபையே கிடையாதாம். வருஷத்துக்கு ஒருநாள் ஊரே மைதானத்தில் கூடி, கேள்வியைக் கேட்டு, கை தூக்கி முடிவு செய்வார்களாம். அதற்கு ஒரு படமும் இருந்தது. மைதானம் நிறையத் தொப்பிகள், அத்தனை கைகள். படித்துவிட்டு எனக்குப் புல்லரித்தது. ஞாயிற்றுக்கிழமை அவளிடம் கொடுக்கும்போது அதைத்தான் முதலில் பிரித்துக் காட்டினேன்.

அவள் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இன்னாடி இது, ஒரு பொம்பள கூட இல்லியே."

"கூட்டத்துல எங்கேயாவது இருப்பா. சின்னப் படமாச்சே."

"இல்ல. இதோ கீறாங்க பாரு."

மைதானத்தின் ஓரத்தில் ஒரு வீடு. அதன் மாடி ஜன்னலில் நாலைந்து பெண்கள் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தத் தேசத்தில் பெண்களுக்கு ஓட்டுக் கிடையாது என்று அத்தியாயத்தின் கடைசியில், போகிறபோக்கில், ஒரு வரியில் சொல்லியிருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். படித்துவிட்டுத் தாண்டிப் போயிருந்தேன். எனக்கு முன்னால் படித்த எட்டு வீட்டு ஆண்பிள்ளைகளும் அப்படியே தாண்டியிருந்தார்கள்.

"இவங்கதான் வீட்டு அங்கத்தினர்," என்றாள் அவள், ஜன்னலைத் தொட்டு.

அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அண்ணாவைக் கைதட்டிக் கூப்பிட்டாள். பாதி ஜனங்கள் ஜன்னலில் நின்று பார்க்கிற ஆட்சிக்கு ஜனநாயகம் என்று பெயர் உண்டா என்று வருகிற சனிக்கிழமை கூட்டத்தில் கேட்கச் சொன்னாள். அண்ணா கேட்கிறேன் என்றான். கேட்கவும் செய்தான். அவன் திரும்பி வரும்வரை நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன்.

"என்ன சொன்னா அண்ணா?"

"எல்லாரும் சிரிச்சா."

"அவ்வளவுதானா?"

"ஒருத்தர் சொன்னார், அங்கே ஆம்படையான் தூக்கற கை ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்னு. அதுக்கும் சிரிச்சா."

"நீ என்ன சொன்னே?"

"காரியதரிசி பேசப்படாது. குறிச்சுண்டேன்."

மறுநாள் கடற்கரையில் இதைச் சொன்னதும் அவள் ஒரு காரியம் செய்தாள். அன்றைக்கு அந்தக் கத்தையை அவள் கோபாலபுரத்து வாத்தியார் வீட்டுக்கு அனுப்பவேண்டிய நாள். அனுப்பமாட்டேன் என்றுவிட்டாள். ஒழுங்கான பதில் வருகிறவரை சுவிட்சர்லாந்து கச்சேரி ரோட்டைவிட்டு நகராது, உங்க சங்கத்தில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். அண்ணா பதறிப்போனான். யுத்தத்தில்கூட ஒரு கத்தை ஒருநாள் தாமதமானதில்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷத்தில் குதித்தேன்.

அவன் தள்ளிப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பேச்சு முந்தின வருஷம் நடந்த மாகாணத் தேர்தலுக்குப் போயிற்று. சொத்து வரி கட்டுகிற வீட்டு எஜமானி என்று அம்மாவுக்கு ஓட்டு இருந்தது. வேட்பாளருக்கு ஒரு கலராகப் பெட்டி வைத்திருந்ததில், அப்பா சொன்ன கலரில் போட்டுவிட்டு வந்து அரிசி களைந்தாள். எங்கள் இருவருக்கும் அப்போது வயது நிரம்பவில்லை. நிரம்பியிருந்தாலும் அவளுக்கு வேறு தொகுதி, எனக்கு வேறு தொகுதி. முஸ்லிம்கள் முஸ்லிம் வேட்பாளருக்குத்தான் போடமுடியும். ஒரே ஊர், நடந்தால் ஒரு வெற்றிலை போட்டுக்கொள்கிற தூரம், ஆனால் இரண்டு பேரும் ஒரு பெட்டியில் ஓட்டுப் போடமுடியாது.

"அதனாலதான்டி சொல்றேன்," என்றாள். "உங்க அண்ணன் சங்கத்து மாடி ஒண்ணுதான் நமக்கு வழி. என்னிக்காவது நாம ரெண்டு பேரும் அங்க ஏறிப்போறோம். பக்கத்துல பக்கத்துல குந்திக்கினு, ஒரே கேள்விக்கு ஒண்ணாக் கை தூக்கறோம். இன்னா கேள்வியா இருந்தா இன்னா. காபிக்குச் சக்கரை போடலாமா வாணாமான்னாக்கூடச் சரி."

நான் சரி என்றேன். அந்த மாடி அறையில் ஒரு நாற்காலிக்கு அதுவரை ஆசைப்பட்டிருந்தேன். அன்றிலிருந்து இரண்டு நாற்காலிக்கு ஆசைப்பட்டேன்.

சங்கம் பதில் தயாரிப்பதற்குள் தேசம் இரண்டு என்று முடிவாகிவிட்டது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. அவள் புருஷன் கராச்சி என்று எழுதினார். அவருடைய அண்ணன் தம்பிகள் அப்படி எழுதினார்கள், இவரும் எழுதினார். ஒரு சனிக்கிழமை தந்தி வந்தது, அடுத்த வியாழக்கிழமை பயணம்.

புதன்கிழமை நான் கச்சேரி ரோட்டுக்குப் போனேன். கடையை ஒட்டின கூடத்தில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. அவள் அத்தா, அதாவது பைண்டர், பெட்டிக்குள் புதுக் காகிதம் வெட்டிப் பரப்பிக்கொண்டிருந்தார். அவள் என்னை உள்ளே இழுத்துப் போனாள்.

"ஆறு மாசம்டி. தாற்காலிகம்னுதான் எழுதிக் குடுத்துகீறாரு. ஆறு மாசத்துல புடிக்கலன்னா திரும்பி இங்கியே வந்துடலாம். சர்க்கார் உத்தரவே அப்படித்தான்."

உத்தரவு அப்படித்தான் இருந்தது. நானும் பேப்பரில் பார்த்திருந்தேன்.

"கத்தை?" என்றேன்.

பெட்டியில் துணிகளுக்கு நடுவே பழுப்பு உறை தெரிந்தது. அவள் அதன்மேல் ஒரு துப்பட்டாவை இழுத்துவிட்டாள். "இன்னும் பதில் வரலியே. நானே கொண்டாந்து குடுக்கறேன். நான் வர்றதுக்குள்ள அதை வுட்டுட்டு யாரும் தச்சிடாதீங்க." அப்போதும் சிரித்தாள். நான்தான் அழுதேன். அவள் கையில் துத்த வாசனை இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு பசையைத் தொடமாட்டேன் என்று சொன்னவள், கிளம்புவதற்கு முதல் நாள்கூட அத்தாவோடு உட்கார்ந்து தைத்திருக்கிறாள்.

கராச்சியிலிருந்து இரண்டு மூன்று தடவை எழுதினாள். கடல் இருக்கிறது, சாந்தோம் கடல் மாதிரி இல்லை என்றாள். அந்த ஆறாவது மாசம், யாரும் எந்த ரயிலிலும் ஏறத் துணியாத மாசமாகப் போய்விட்டது. பிறகு அவளுக்குக் குழந்தை பிறந்தது. பிறகு போகவர பர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. ஒவ்வொன்றாகக் கதவு சாத்துகிற சத்தம் எனக்கு மயிலாப்பூரில் கேட்டது. ஞாயிறு சாயங்காலம் அடுத்த கத்தைகளை நான் பைண்டரிடமே கொடுத்தேன். கடற்கரைப் பக்கம் போகவில்லை. மணலில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வது?

மற்றக் கத்தைகள் சுற்று முடிந்து ஒவ்வொன்றாகக் கடைக்குத் திரும்பின. பைண்டர் அவற்றை இரண்டு பலகைக்கு நடுவே வைத்துக் கயிறு கட்டி, மேல் தட்டில் ஏற்றிவிட்டார். அண்ணா போய்க் கேட்டபோதெல்லாம் "ஒண்ணு வரணும் சாமி" என்பார். இப்படி இரண்டு வருஷம் அந்தப் புத்தகம் புத்தகமாகாமல் இருந்தது.

நாற்பத்தொன்பதில் சங்கம் பெண்களைக் கூட்டத்துக்கு அழைத்தது. வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு என்று அரசியல் நிர்ணய சபையே ஒப்புக்கொண்ட பிறகு, இவர்களால் வேறு என்ன செய்யமுடியும்? அண்ணாதான் தீர்மானம் கொண்டுவந்தான். முஸ்லிம்களுக்கென்று இருந்த தனித்தொகுதியும் எடுபட்டுப் போயிற்று. இனி மயிலாப்பூரில் எல்லாருக்கும் ஒரே பெட்டி. அதைப் பேப்பரில் படித்த அன்று எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. இத்தனை நாள் எங்கேடா இருந்தீர்கள் என்ற ஆத்திரம்தான்.

அந்த மாடி அறைக்கு நான் ஏறிப்போன சனிக்கிழமை புதுப்புடவை கட்டியிருந்தேன். அறை ரொம்பச் சின்னது. நாற்காலிகளில் பாதிக்குப் பிரம்பு கிழிந்திருந்தது. இதற்கா இத்தனை ஏக்கம் என்று இருந்தது. ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. புதுசாக வந்த பெண்ணுக்கு மரியாதை என்று காலியாக விட்டார்கள். என் கைப்பையை அதன்மேல் வைத்துவிட்டு உடனே எடுத்துவிட்டேன்.

முதல் விஷயமாக அதைத்தான் எடுத்தார்கள். பைண்டர் கடையில் கிடக்கும் பெரிய புத்தகத்தை, வராத கத்தையை விட்டுவிட்டு, இருப்பதை வைத்துத் தைத்துவிடலாமா?

நான் எழுந்தேன். அவள் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறாள், நாம் அவளுக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறோம், அதுவரை காத்திருக்கவேண்டும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. ஒரு பெரியவர் ரொம்ப இதமாகச் சொன்னார், "வாஸ்தவம்தாம்மா. ஆனா பிரிச்ச புஸ்தகத்தை எத்தனை நாள் வச்சிருக்கறது? கரையான் வந்துடுமே. ஒரு கத்தைக்காக மத்த எல்லாத்தையும் இழக்கணுமா?" இன்னொருவர், ஆறு மாசம் வராதவர் அங்கத்தினர் இல்லை என்று விதி இருப்பதை ஞாபகப்படுத்தினார். எல்லாரும் நியாயமாகத்தான் பேசினார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அண்ணா ஓட்டுக்கு விட்டான். தைக்கலாம் என்பவர்கள்? அறை முழுக்கக் கைகள் எழுந்தன. அந்தப் படத்தில் பார்த்த மாதிரியே இருந்தது, தொப்பிகள்தான் இல்லை. வேண்டாம் என்பவர்கள்? நான் கையைத் தூக்கினேன். என் வாழ்நாளில் நான் போட்ட முதல் ஓட்டு அது. எத்தனையோ வருஷம் ஆசைப்பட்ட ஓட்டு, அவளை வெளியே வைத்துத் தைக்கலாமா என்ற கேள்விக்கா வரவேண்டும்? பக்கத்து நாற்காலி பக்கம் திரும்பக்கூடாது என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பிவிட்டேன். அவள் அங்கே இல்லை. அந்த நிமிஷத்தில் அவள் எனக்கு அவ்வளவு வேண்டியிருந்தாள்.

"எதிர்த்து ஒண்ணு," என்றான் அண்ணா. என்னைப் பார்க்காமல் எழுதிக்கொண்டான்.

முடிவைப் பைண்டருக்குச் சொல்ல நானே போகிறேன் என்றேன். வேறு யாராவது போய்ச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "சபைல சொல்லிட்டாங்கன்னா தச்சிற வேண்டியதுதாம்மா. அடுத்த வாரம் வா," என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் புத்தகம் தயாராக இருந்தது. பச்சைக் காலிகோ, முதுகில் பொன்னெழுத்து. கையில் வாங்கியபோது குறைவு ஒன்றும் தெரியவில்லை. முன்பு எவ்வளவு தடிமனோ அவ்வளவு தடிமன். எனக்குச் சுருக்கென்றது. அவள் இல்லாமலே சரியாகிவிட்டதே என்று நினைத்துப் பிரித்தேன்.

பிரான்சு முடிந்தது. அடுத்த தாள் வெள்ளைத் தாள். அதற்கடுத்ததும் வெள்ளை. சுவிட்சர்லாந்து இருந்த இடம் முழுக்க, அதே அளவில், அதே பருமனில், வெறும் வெள்ளைத் தாள்கள். அவை முடிந்ததும் கனடா தொடங்கியது.

"தைக்கச் சொன்னாங்க, தச்சிட்டேன்," என்றார். "இந்த எடம் அவளுது. அது மட்டும் தனி நூலு. அவ கொண்டாந்தான்னா வெள்ளைய உருவிட்டு அதைக் கோத்துடலாம். மத்தது ஒண்ணும் அசையாது."

சங்கம் கலைந்தபோது அந்தப் புத்தகத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். பைண்டர் போய் எத்தனையோ காலம் ஆகிறது. இப்போது வெள்ளைத் தாள்களும் அச்சுத் தாள்களோடு சேர்ந்து பழுத்துவிட்டன. நான் அவற்றில் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை, யாரையும் வைக்கவிட்டதும் இல்லை. கராச்சியில் ஒரு தகரப் பெட்டிக்குள் மிச்சம் இருக்கிறது என்றுதான் இன்றுவரை எனக்கு நினைப்பு.

தைத்த புத்தகத்தை முதன்முதல் கையில் வாங்கிய அன்று, அதை மார்போடு அணைத்துக்கொண்டு நான் கடைப் படியிறங்கும்போது பைண்டர் கூப்பிட்டார். ஊசியில் நூல் கோத்தபடியே கேட்டார்.

"சபைல கை தூக்கினீங்களாமே. நீ எந்தப் பக்கம்மா தூக்கினே?"

"வேண்டாம்னு தூக்கினேன், பாய்."

"அந்தப் பக்கம் எத்தினி பேரு?"

"நான் ஒருத்திதான்."

"ஒருத்தி இல்லம்மா," என்றார். "எம்பொண்ணு கை ஒண்ணு." ஊசி பிடித்திருந்த தன் கையைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினார். "இது ஒண்ணு. எண்ணிக்கோ."